பாத்தாமுக்குப் போன நாலாம் லைன்

கம்பெனியில் நெட் மெதுவானால் முதல் திட்டு தங்கமாரிக்குத்தான் விழும். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே, செல்போன் சார்ஜர் செய்கிற அந்தக் கம்பெனியில் அவள் கம்ப்யூட்டர் அறை உதவியாளர். சரக்கு அனுப்பும் டிஸ்பாட்சில் பில் வராவிட்டாலும், ஹெச்.ஆர். அறையில் மெயில் திறக்காவிட்டாலும், போனை எடுத்து அவள் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. "இந்தா பாக்கேன் சார்" என்று தென்பக்கத்து இழுவையோடு சொல்லிவிட்டு, கறுப்புத் திரையைத் திறந்து உட்கார்ந்துவிடுவாள்.

ஊர் விளாத்திகுளத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கரிசல் கிராமம். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்த கையோடு, 2008இல், கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு பஸ் நிறையப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்தபோது அவளும் வந்தவள். வந்து பார்த்தால் கம்ப்யூட்டருக்கும் வேலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தலையில் தொப்பி, மேலே நீலக் கோட்டு, மணிக்கட்டில், உடம்பிலுள்ள கரண்ட் போர்டைக் கெடுக்காமலிருக்க ஒரு பட்டை. லைனில் நின்று பச்சைப் போர்டில் குட்டிக் குட்டிப் பாகங்களைச் செருக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு மேல் அப்படி நின்றாள். கால் வீங்கியது, பழகியது. அப்புறம் கம்ப்யூட்டர் அறைக்கு உள்ளேயிருந்தே ஒரு ஆள் எடுக்கப்போகிறோம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பரீட்சை எழுதினாள். கிடைத்துவிட்டது.

அந்த அறையின் மேனேஜர் பிரசன்னா, சென்னைக்காரர், நாற்பது வயதை நெருங்குகிறவர், அதிகம் பேசாதவர். கம்பெனியின் மொத்த நெட்டும் ஒரு லினக்ஸ் சர்வர் வழியாகத்தான் உள்ளே வரும், வெளியே போகும். அதில் படம் கிடையாது, பட்டன் கிடையாது. எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்லும். தங்கமாரிக்கு அது பிடித்துப்போயிற்று. அதிலும் ‘இஃப்டாப்’ என்று ஒரு கட்டளை உண்டு. அதை அடித்தால், இந்த நொடியில் எந்த மெஷின் எந்த ஊர் மெஷினோடு பேசிக்கொண்டிருக்கிறது, எவ்வளவு வாங்குகிறது, எவ்வளவு அனுப்புகிறது என்று இரண்டிரண்டு வரியாக அம்புக்குறி போட்டுக் காட்டும். அதிகமாக இழுக்கிறவன் தானாக மேலே ஏறி வந்து நிற்பான். கிரிக்கெட் மேட்ச் ஓடும்போது குவாலிட்டி பிரிவு ஏறும். புதுப்படம் வந்த வெள்ளிக்கிழமை ஸ்டோர்ஸ் ஏறும். இவள் போன் போட்டு, "அண்ணே, படத்த வீட்ல போய்ப் பாருங்கண்ணே" என்பாள். எதிர்முனையில் அசடு வழியும். அவ்வளவுதான் அவளுடைய போலீஸ் வேலை.

தங்கியிருந்தது பென்னலூரில், லூர்தம்மாள் வீட்டு மாடியில். கம்பெனிகள் வந்த பிறகு ஊரில் பாதிப் பேர் மாடி எழுப்பி அறை கட்டி வாடகைக்கு விட்டார்கள். லூர்தம்மாளின் நிலத்தில் ஒரு துண்டு தொழிற்பேட்டைக்குப் போயிருந்தது. மகன் அந்தோணிராஜுக்கு அதே சார்ஜர் கம்பெனியில் மெயின்டனன்ஸில் வேலை. தொழிலாளர் கமிட்டியிலும் அவன் ஒரு ஆள். மாடியில் தங்கமாரியோடு அறையைப் பங்கு போட்டவள் சுகப்பிரியா. ஓட்டப்பிடாரத்துப் பக்கம். நாலாம் லைன். வாய் ஓயாது, கையும் ஓயாது. அந்தக் கையைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

2013 சித்திரையில் வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் கேமராவோடு வந்தார்கள். லைனுக்கு இரண்டு பேராக, வேகமான கைக்காரிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். முகத்தை எடுக்கவில்லை. கைகளை மட்டும், மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும், மெதுவாகச் செய்யச் சொல்லியும் வேகமாகச் செய்யச் சொல்லியும் எடுத்தார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சிக்கு என்றார்கள். நாலாம் லைனில் சுகப்பிரியாவின் கை. அவள் முந்தின நாள் ராத்திரி மருதாணியை வைத்துவிட்டு, காலையில் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கி, உறை போட்டுக்கொண்டு செய்தாள். "யக்கா, எங் கை சினிமால நடிக்குக்கா" என்று ஒரு மாதம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அதே வருஷம், ஆடிக்காற்று தொடங்கியிருந்த சமயம். காலை டீ முடிந்து எல்லோரும் இடத்துக்குத் திரும்பியிருந்தார்கள். டிஸ்பாட்சிலிருந்து போன்.

"தங்கமாரி, லாரி நிக்குதும்மா. பில் ஸ்கிரீன் சுத்திக்கினே கீது. இன்னான்னு பாரு."

"இந்தா பாக்கேண்ணே."

பிரசன்னா மீட்டிங்கில் இருந்தார். இவள் சர்வருக்குள் போய் வழக்கம்போல இஃப்டாப்பை அடித்தாள். மேட்ச் எதுவும் இல்லையே, செவ்வாய்க்கிழமை யார் படம் இறக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே திரையைப் பார்த்தாள்.

உள்ளே வருகிற பக்கம் சோர்ந்து கிடந்தது. வெளியே போகிற பக்கம்தான் முட்டிக்கொண்டு நின்றது.

அவள் முதலில் தான் அம்புக்குறியைத் தலைகீழாகப் படிக்கிறோம் என்று நினைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். ஒரே ஒரு வரி. கம்பெனியின் ஃபைல் சர்வரிலிருந்து வெளியே எங்கேயோ ஒரு முகவரிக்கு, நெட் லைன் மொத்தத்தையும் அடைத்துக்கொண்டு, இடைவிடாமல் போய்க்கொண்டிருந்தது. அவள் வேலைக்கு வந்த நாளாக இந்தக் கம்பெனியிலிருந்து இவ்வளவு வெளியே போய் அவள் பார்த்ததில்லை. சாமான் ஏற்றின லாரி கதவைத் தாண்டிப் போனால் செக்யூரிட்டி ரெண்டு தடவை பார்ப்பான். இது யாரும் பார்க்காமல் போய்க்கொண்டிருக்கிறது.

திருட்டு. எவனோ உள்ளே புகுந்துவிட்டான்.

அந்த முகவரி யாருடையது என்று கேட்டாள். இந்தோனேசியா என்று வந்தது. அதற்குக் கீழே ஊர் பெயர், பாத்தாம். கேள்விப்பட்டதே இல்லை. மேப்பைத் திறந்தால் சிங்கப்பூருக்குப் பக்கத்தில் ஒரு தீவு. கம்பெனியின் பேக்கப், அதாவது பத்திரத்துக்கு எடுத்து வைக்கும் நகல், போகிற இடம் அவளுக்குத் தெரியும், அது வேறு. பிறகு நாள்வாரிக் கணக்கைச் சொல்லும் கட்டளையை அடித்தாள். ஒரு வாரமாகவே வெளியே போகிற அளவு தினமும் ஏறிக்கொண்டு வந்திருந்தது. இரவில் மட்டும் போயிருக்கிறது, காலையில் அடங்கியிருக்கிறது. இன்றைக்கு இரவில் முடியவில்லை போலும், பகலிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் லாரி நிற்கிறது. ஒரு வாரமாகத் தன் மூக்குக்குக் கீழே நடந்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லை என்று நினைத்தபோது காது மடல் சுட்டது.

யோசிக்கவில்லை. அந்த முகவரிக்கு எதுவும் போகக் கூடாது என்று ஒரு வரி அடித்தாள். திரையில் அந்த வரி சட்டென்று சரிந்து கீழே போய்க் காணாமல் போயிற்று. டிஸ்பாட்சில் பில் வர ஆரம்பித்துவிட்டதாகப் போன் வந்தது. அவள் எழுந்து மீட்டிங் அறைக்கு ஓடினாள். கதவைத் தட்டிப் பிரசன்னாவை வெளியே கூப்பிட்டாள். மூச்சிரைத்தது. சந்தோஷம் என்றுகூடச் சொல்லலாம். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவளின் சந்தோஷம்.

"சார், நம்ம ஃபைல் சர்வர்ல உள்ளத பூரா எவனோ வெளிநாட்டுக்கு இழுத்துக்கிட்டிருக்கான் சார். ஒரு வாரமா போயிருக்கு. நான் நிறுத்திட்டேன்."

பிரசன்னா அவளைப் பாராட்டவில்லை. முகம் வெளிறிப்போனதை அவள் கண்ணால் பார்த்தாள்.

"நிறுத்திட்டியா? யார் சொன்னா நிறுத்தச் சொல்லி?"

அவள் பதில் சொல்லுமுன் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எதிர்முனையில் யார் என்று தெரியவில்லை. அவர் ஆங்கிலத்தில், "ஆமாம் சார், சின்னப் பிரச்சினை, இப்பவே சரியாகிவிடும் சார்" என்றார். இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். அனுப்பியது நின்றுபோனது அந்தத் தீவில் அதற்குள் தெரிந்துவிட்டிருக்கிறது.

அப்போதுதான் தங்கமாரிக்குப் புரிந்தது. திருடன் வெளியே இல்லை.

அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். "திறந்து விடு" என்றார் பிரசன்னா.

அவள் ஃபைல் சர்வருக்குள் போனாள். எந்த வேலை நெட்டைத் தின்கிறது என்று பார்க்கும் கட்டளை இருக்கிறது. அடித்தாள். அனுப்புகிற வேலையின் பக்கத்தில் பிரசன்னாவின் பெயர் இருந்தது. அவர் தடுக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்த வேலை எந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது என்றும் கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

லைன் ஒன்று, லைன் இரண்டு, லைன் மூன்று எல்லாம் போய் முடிந்திருந்தன. டெஸ்ட் புரோகிராம், மெஷின் செட்டிங், வரைபடம், எல்லாம். இப்போது நாலாம் லைன். அதில் சின்னச் சின்ன ஃபைல்களெல்லாம் போய்விட்டன. பாரமானது ஒன்று மாட்டிக்கொண்டு நின்றது. பயிற்சி வீடியோ. பெயரிலேயே இருந்தது: சுகப்பிரியா, மேலிருந்து, மெதுவாக. அதற்கு அடுத்தது: சுகப்பிரியா, பக்கவாட்டில், வேகமாக.

தங்கமாரிக்குச் சற்று நேரம் எதுவும் புரியவில்லை. இரண்டு பெயரையும் மறுபடி படித்தபோதுதான் விளங்கியது. பேக்கப்புக்கு யாரும் கையைப் படம் பிடித்து அனுப்புவதில்லை. அங்கே யாரோ இந்தக் கையைப் பார்த்துப் பார்த்து, இந்த வேலையைச் செய்யப் பழகப்போகிறார்கள்.

"கம்பெனி போவுதா சார்?"

பிரசன்னா திரும்பவில்லை. "எனக்கே போன வாரம்தான் சொன்னாங்க."

"எப்ப?"

"தீபாவளிக்கு முன்னாடி. யார்கிட்டயும் சொல்லக் கூடாது. உனக்கும் எனக்கும் பெங்களூர் ஆபீஸ்ல இடம் கேட்டிருக்கேன். தருவாங்க." பிறகு, பிள்ளைக்குச் சோறு போடச் சொல்வதுபோல மெல்லச் சொன்னார்: "அதை ஓட விடும்மா. பகல்ல பில்லுக்கு இடைஞ்சல் இல்லாம வேகத்தை மட்டும் கட்டிப் போடு."

கட்டிப் போடுவது அவளுக்குத் தெரிந்த வேலை. இவ்வளவுக்கு மேல் போகாதே என்று ஒரு எண்ணைச் சேர்த்து அடித்தால் போதும். அவள் விரல்கள் அடித்தன. அவற்றைத் தன் விரல்கள் என்றே அவளால் நம்ப முடியவில்லை. அந்த வரி மறுபடியும் திரையில் தோன்றி, ஆனால் இப்போது அடக்க ஒடுக்கமாக, யாருக்கும் தொந்தரவில்லாமல் வெளியே போக ஆரம்பித்தது. மதியம் கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். எதிர் மேசையில் பெண்கள் எதையோ சொல்லிச் சிரித்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் நின்று பேசுவதுபோல அவர்கள் வாய் அசைவதுதான் தெரிந்தது.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் சுகப்பிரியா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே மஞ்சள் வெயிலில் புழுதி பறந்தது.

"யக்கா, நல்ல சேதி. தங்கச்சி வாரா. நம்ம ஹெச்.ஆர். மேடத்துட்ட கேட்டேன், ஆவணில ஆள் எடுப்போம்னாங்க. மில்லு வேலைய விட்டுட்டு வாட்டின்னு சொல்லிட்டேன். நாளைக்கு மில்லுல போய்ச் சொல்லிருவா."

தங்கமாரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கோவில்பட்டி நூற்பாலையில் அந்தப் பெண்ணுக்கு மூன்று வருஷ வேலை. விட்டுவிட்டால் திரும்பி எடுக்க மாட்டார்கள்.

"ஏட்டி, நாளைக்கே சொல்லணுமா?"

"பொறவு என்ன, நல்ல நாள் பாக்கணுமா?"

பஸ்ஸில் சொல்ல முடியாது. சுற்றிலும் நாலாம் லைன். பென்னலூரில் இறங்கி வீட்டுக்கு வந்து, கீழே தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிற்கும்போது தங்கமாரிக்குப் பேச்சு வந்தது. முதலில் அழுகைதான் வந்தது.

"தங்கச்சிய மில்ல விட வேண்டாம்னு சொல்லுட்டி. இப்பமே போன் போட்டுச் சொல்லு."

"ஏன்க்கா? என்னக்கா சொல்லுத?"

"கம்பெனி போவுது. இந்தோனேசியாவுக்கு. ஒரு வாரமா கம்ப்யூட்டர் வழியா எல்லாத்தையும் அனுப்பிக்கிட்டிருக்காங்க. நான் பாத்தேன்."

சுகப்பிரியா சிரித்தாள். "கம்பெனி எப்படிக்கா கம்ப்யூட்டர் வழியா போவும்? அம்புட்டுப் பெரிய மெஷினு!"

தங்கமாரி குழாயைக் காட்டினாள். "இப்ப கீழ் வீட்ல திறந்தா மேல சொட்டுதுல்ல? அப்படித்தான் நெட்டும். இன்னைக்கு நம்ம ஆபீசுக்குச் சொட்டுச் சொட்டா வந்துச்சு. எங்க தொறந்து கெடக்குன்னு போய்ப் பாத்தேன். ஒங் கை போய்க்கிட்டு இருந்துச்சுட்டி."

"எங் கையா?"

"சித்திரைல எடுத்தாங்கல்லா, அந்தப் படம். அங்க உள்ள பிள்ளையள் பாத்துப் படிக்கதுக்கு."

சுகப்பிரியா தன் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தாள். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் அதை இறக்கி வைக்க அவளுக்குத் தெரியவில்லை. குடம் நிரம்பி வழிந்து இரண்டு பேர் காலையும் நனைத்தது. இருவரும் குழாயை மூடவில்லை. வாசலுக்கு வந்த லூர்தம்மாள்தான் சத்தம் போட்டாள்.

"இன்னாமே, தண்ணி ஊத்திக்கினு கீது, ரெண்டு பேரும் பேயடிச்ச மாரி நிக்கிறீங்க?"

சுகப்பிரியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். லூர்தம்மாள் பயந்துபோய், "டேய் அந்தோணி!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

அந்தோணிராஜ் ஷிப்ட் முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தவன். துண்டோடு வந்தான். தங்கமாரி அவனிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று பிரசன்னா சொன்னதையும் சொன்னாள். அவன் ஒரு கேள்விதான் கேட்டான்.

"கண்ணால பாத்தியா?"

"பாத்தேண்ணே. மூணு லைன் போயிருச்சு. நாலாவது போய்க்கிட்டிருக்கு."

அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். "எங்க நெலத்துமேல கட்டிக்கினு, எங்களுக்கே சொல்லாம போறானுங்களா?" என்றான். குரல் உயரவில்லை. அவன் அம்மா, எதுவும் முழுசாகப் புரியாமலே, "ஐயோ, மாடிக்கு ஆளு?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக வெட்கப்பட்டு உள்ளே போனாள்.

சுகப்பிரியா தங்கச்சிக்குப் போன் போட்டாள். மில்லை விடாதே என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. இவளால் சொல்ல முடியவில்லை. போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் டீ நேரத்தில் அந்தோணிராஜும் கமிட்டி ஆட்களும் ஆலைத் தலைவரின் அறைக்குப் போய்க் கேட்டார்கள். அவர் சிரித்தார். வதந்தி என்றார். இன்னும் ஆள் எடுக்கப்போகிறோம், பலகையைப் பாருங்கள் என்றார். பலகையில் அன்று காலைதான் ஒட்டிய அறிவிப்பு இருந்தது. அதைப் பார்த்துவிட்டு எத்தனையோ பேர் நிம்மதியாக லைனுக்குத் திரும்பினார்கள். தங்கமாரியைக் கண்டதும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டா" என்று அவள் காதுபடவே ஒருத்தி சொன்னாள். ஒரு நிமிஷம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் பார்த்தது சரிதானா?

கம்ப்யூட்டர் அறைக்குப் போய்ப் பாஸ்வேர்டை அடித்தாள். தவறு என்றது. மறுபடி அடித்தாள். தவறு. மூன்றாவது தடவை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். பின்னாலிருந்து பிரசன்னா சொன்னார்: "அடிக்காதம்மா. எடுத்தாச்சு."

அவள் எழுந்தாள்.

"நீதானே சொன்ன?"

"ஆமா சார். ஒரு பிள்ள இருக்க வேலைய விட்டுட்டு இங்க வர இருந்துச்சு."

அவர் அவளைத் திட்டுவார் என்று நின்றாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வேலையை விட்டுத் தூக்கச் சொன்னாங்க. நான் ஸ்டோர்ஸுக்கு மாத்திடலாம்னு சொல்லியிருக்கேன். இப்ப தூக்கினா நீ சொன்னது உண்மைன்னு ஆயிடும்னேன். சரின்னுட்டாங்க. போ."

ஸ்டோர்ஸில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். வெளியே என்ன போகிறது, உள்ளே என்ன வருகிறது என்று எதுவும் தெரியாத இடம். கண்ணைக் கட்டிவிட்டதுபோல இருந்தது. காது மட்டும் வேலை செய்தது.

உண்மை வெளிவர அதிக நாள் ஆகவில்லை. ஆடி முடிவதற்குள் மெயின்டனன்ஸ் ஆட்களைக் கூப்பிட்டு, சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும், நாலாம் லைனில் சால்டரிங் மெஷினின் போல்ட்டைக் கழற்றுங்கள் என்றார்கள். அந்தோணிராஜ் ஸ்பேனரைத் தரையில் வைத்தான். "சர்வீஸுன்னா ஆளுதானே வருவான்? மெஷினு எங்க போவுது?" என்று கேட்டான். பதில் வரவில்லை. அந்தச் சத்தமில்லாத அரை நிமிஷத்தில் லைனில் நின்ற இருநூறு பேருக்கும் விஷயம் புரிந்தது. கன்வேயர் ஓடிக்கொண்டிருந்தது, போர்டுகள் யாரும் தொடாமல் கடைசிவரை போய்க் கீழே விழுந்தன. முதலில் உட்கார்ந்தவள் சுகப்பிரியா. வேலை செய்யும் இடத்திலேயே, தொப்பியும் கோட்டுமாக, தரையில் உட்கார்ந்தாள். அப்புறம் பக்கத்து ஆள். அப்புறம் லைன். தங்கமாரி ஸ்டோர்ஸிலிருந்து வந்து பார்த்தபோது தொப்பித் தலைகள் தரை முழுக்க இருந்தன. யாரும் கோஷம் போடவில்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள். முந்தின வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

லேபர் அதிகாரி வந்தார், பேச்சு நடந்தது, முறிந்தது, மறுபடி நடந்தது. கம்பெனி போவதை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஆனால் மெஷின்கள் வாசலைத் தாண்டுவதற்கு முன்பே கேட்டதால், பேசுவதற்குக் கையில் ஏதோ இருந்தது என்று அந்தோணிராஜ் பின்னால் சொல்வான். தீபாவளிக்கு முன் மூடுவது பொங்கலுக்குப் பின் என்று தள்ளிப்போனது. கணக்கு முடித்துத் தரும் பணத்தையும் முதலில் சொன்னதைவிடக் கூடுதலாக, கௌரவமாகத் தர ஒப்புக்கொண்டார்கள். பெண்கள் எல்லோரும் அழுதார்கள். அது வெற்றியா தோல்வியா என்று அவர்களுக்கே விளங்கவில்லை.

அதிர்ச்சி அத்தோடு முடியவில்லை. கார்த்திகையில் ஒரு நாள் சுகப்பிரியாவை ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவள் ஸ்டோர்ஸ் வாசலிலேயே நின்றாள்.

"என்னட்டி?"

"என்னைய பொங்கலுக்குப் பொறவு பாத்தாமுக்கு வரச் சொல்லுதாவ. ரெண்டு மாசம். வீடியோவப் பாத்து அந்தப் பிள்ளையளுக்குக் கை வரலயாம். நேர்ல போய்ச் சொல்லிக் குடுக்கணுமாம்."

தங்கமாரி ஏறிய கோபத்தில் எழுந்தேவிட்டாள். "மாட்டேன்னு சொன்னியாட்டி?"

"பாஸ்போட்டு அவங்களே எடுத்துத் தாராவளாம்."

"ஏட்டி!"

"யக்கா, நான் மாட்டேன்னா வேற ஒருத்தி போவா. ரெண்டு மாசம் வேலை இருக்கும்லா. எனக்கு இங்க என்ன இருக்கு?" என்று கேட்டாள் சுகப்பிரியா. கேட்டுவிட்டு, தங்கமாரி தன்னை அடித்துவிடுவாளோ என்பதுபோலப் பார்த்தாள். தங்கமாரி ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தாள். பாஸ்போர்ட் வந்த பிறகு சுகப்பிரியாவுக்குப் பெட்டி வாங்க ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவுக்கு இரண்டு பேருமாகத்தான் போனார்கள்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் கம்பெனி மூடியது. கடைசி நாளில் பிரசன்னா ஸ்டோர்ஸுக்கு வந்தார். கையில் போன். முகம் அன்றைக்கு மீட்டிங் அறை வாசலில் பார்த்த அதே முகம்.

"பெங்களூர்ல இடம் இல்லையாம்மா. இப்பத்தான் மெயில் வந்துது."

"எனக்கா சார்?"

"ரெண்டு பேருக்கும்."

அவர் அங்கேயே ஒரு அட்டைப்பெட்டியின்மேல் உட்கார்ந்தார். இவள் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். பாதிக்கு மேல் குடித்தார். அவருக்கும் வீட்டில் யாரிடமாவது போய்ச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அப்போதுதான் தங்கமாரிக்குத் தோன்றியது.

சுகப்பிரியா அந்தத் தீவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். முதல் போனில் அழுதாள். இரண்டாவதில், "யக்கா, இங்க அக்காவ ‘காக்கா’ம்பாங்களாம். இருவது பிள்ளைய என்னையச் சுத்தி நின்னு காக்கா காக்காங்குதுவ" என்று சிரித்தாள். எல்லாம் அவளைப் போலவே தூரத்து ஊர்களிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிற பெண்களாம். ஒருத்தி முதல் நாளே கையில் மருதாணியோடு வந்து திட்டு வாங்கினாளாம். கோபப்படுவதற்கு ஆள் கிடைக்கும் என்று போனவள், யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் திரும்பி வந்தாள்.

இப்போது 2015. சுகப்பிரியா வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறாள். அந்தோணிராஜ் வேன் ஓட்டுகிறான். லூர்தம்மாளின் மாடி ஒரு வருஷம் பூட்டிக் கிடந்தது. பிறகு ஒடிசாப் பையன்கள் வந்தார்கள். அவர்களோடு எந்தப் பாஷையில் பேசுவது என்று தெரியாமல் அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள்.

தங்கமாரிக்கு மறைமலை நகரில் ஒரு கம்பெனியின் சர்வர் அறையில் வேலை கிடைத்தது. நேர்காணலில், உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள். நெட்டில் எது எங்கே போகிறது என்று பார்ப்பேன் என்றாள். எடுத்துக்கொண்டார்கள். அங்கேயும் கறுப்புத் திரைதான். யாராவது நெட் மெதுவாக இருக்கிறது என்று போன் செய்தால் இப்போதும் "இந்தா பாக்கேன் சார்" என்கிறாள். சொல்லிவிட்டுக் கட்டளையை அடித்து, எண்டரைத் தட்டுவதற்கு முன் ஒரு மூச்சு நிற்கிறாள். பக்கத்து மேசைப் பெண் ஒருநாள், "அக்கா, என்ன பிரேயர் பண்றீங்களா?" என்று கேட்டாள். தங்கமாரி இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு எண்டரைத் தட்டினாள். யாரோ பாட்டு இறக்கிக்கொண்டிருந்தார்கள்.